கண்ணாடி விரியனும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பும்

என்னைப் பாம்பு கடித்த நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி நான்கு நிமிடம். அந்த நேரத்தில் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. மறுபடி வேலைக்குப் போகிறேன். பட்டறையில் யார் எதிரே வந்தாலும் முதலில் என் வலது காலைத்தான் பார்க்கிறார்கள். "இன்னா அண்ணாத்தே, எப்டி இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். டீ குடிக்கிற பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன். மலையேறப் போகிற யாராவது படித்து, ஒரு கால் தப்பித்தாலும் போதும்.

என் பெயர் குணசேகரன். வீடு ஆவடி சேக்காட்டில். அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புக்கு உதிரி பாகம் கடைகிற ஒரு சின்ன கம்பெனியில் சிஎன்சி மிஷின் ஓட்டுகிறேன். மனைவி செல்வி பூந்தமல்லிக்காரி. துணை ராணுவப் படையில், பெண்கள் பிரிவில் இருக்கிறாள். இரண்டு வருடமாக அவளுக்கு வடக்கே ஒரு காட்டு முகாமில் வேலை. எங்கே என்று வெளியே சொல்லக் கூடாது. எனக்கே சரியாகத் தெரியாது. முகாமில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரேஷன் எடுக்க ஒரு வண்டி பெரிய முகாமுக்குப் போகும். அதில் போகிறவர்கள் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை வீட்டுக்குப் பேசலாம். எங்கள் குடும்ப வாழ்க்கை வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்.

மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. நான் ஷிஃப்டுக்குப் போனால் அடுத்த தெருவிலிருக்கும் என் அக்கா மலர் பார்த்துக்கொள்வாள்.

வாரம் ஒரு தரம் பேசுகிறவர்களுக்குப் பேச நிறைய இருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. என்ன சாப்பிட்டாய், பாப்பா எப்படி இருக்கிறாள், மழை பெய்ததா என்று கேட்டு முடித்ததும் பேச்சு நின்றுவிடும். அப்போது அவள் காட்டைப் பற்றிச் சொல்வாள். விடியலில் ஓடையைத் தாண்டி நடப்பதையும், காலடியில் சால மரத்துச் சருகு நொறுங்குகிற சத்தத்தையும், தோளில் துப்பாக்கியோடு வரிசையாக ஒரு வார்த்தை பேசாமல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதையும் சொல்வாள். நான் 'ம்' கொட்டுவேன். எதுவும் கண் முன்னால் வராது. நான் பார்த்த பெரிய காடு பருத்திப்பட்டு ஏரிக்கரைக் கருவேல மரங்கள்தான்.

அவள் நடக்கிற மாதிரி ஓர் இடத்தில் நானும் ஒரு தரமாவது நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிற டேவிட் மாதம் ஒரு முறை நாலைந்து பேரோடு ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லை மலைக்குப் போவான். நானும் வருகிறேன் என்றேன்.

"மச்சான், நீ மூணாவது மாடிக்கே லிஃப்ட் தேடுற ஆளு" என்றான். ஆனால் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தான்.

அடுத்த ஞாயிறு செல்வியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு அந்த வாரத்துப் பேச்சில் பாதியைப் பாம்புக்கே செலவழித்தாள்.

"யோவ், நல்லா கேட்டுக்கோ. கண்ணு போவாத எடத்துல கையும் போவக்கூடாது, காலும் போவக்கூடாது. பாறை ஏறும்போது மேல இன்னா கீதுன்னு பாக்காம கைய வெக்காத. வழியில கட்டை குறுக்க கெடந்தா தாண்டாத. அது மேல ஏறி நில்லு. அந்தாண்ட பாத்துட்டு எறங்கு. நெழலுக்கு அங்கதான் படுத்துகினு இருக்கும். கணுக்கால மூட்ற பூட்ஸ் போடு. கையில ஒரு கோல் வெச்சுகினு தட்டிகினே நட. கழட்டுன பூட்ஸ ஒதறாம திரும்ப போடாத. பாம்பப் பாத்தா நின்னுடு. அப்டியே பின்னால வா. கிட்ட போயி போட்டோ எடுத்தன்னு வையி, அப்பறம் உன் போட்டோவுக்கு நான் மாலை வாங்கணும்."

பூட்ஸ் வாங்கினேன். கோல் வாங்கினேன். நான்கு முறை போனேன், நான்கு முறையும் இரண்டாம் சனிக்கிழமையில். மறுநாள் பதினோரு மணிக்கு அவளிடம் சொல்ல எனக்கும் ஒரு காடு இருந்தது. "ஓடைத் தண்ணி முழங்கால் வரைக்கும் வந்துச்சா?" என்று கேட்பாள். "தொடை வரைக்கும்" என்பேன். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருந்தும், நான் முன்னாலும் அவள் பின்னாலுமாக ஒரே ஒற்றையடிப் பாதையில் போகிற மாதிரி இருக்கும்.

ஐந்தாவது முறை சனிக்கிழமை ஓவர்டைம் வந்துவிட்டது. ஞாயிறு போகலாம் என்றார்கள். செல்வி போன் பண்ணுவாளே என்றேன். குளத்துக்கு மேலே இருக்கிற பாறையில் சிக்னல் வரும் என்று டேவிட் சொன்னான்.

குளத்தில் குளித்தோம். பத்தே முக்காலுக்கு நான் மட்டும் ஈரத்தோடு எழுந்து, பையிலிருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பாறைப் பக்கம் ஏறினேன். பூட்ஸ் போட்டுக் கயிறு கட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கோலும் கரையிலேயே கிடந்தது. போனை உயரப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு கோடு வந்தது. போய்விட்டது. இன்னும் நாலு அடி ஏறினேன். இரண்டு கோடு வந்தது. இரண்டு பாறைக்கு நடுவே ஒரு காய்ந்த மரக்கிளை கிடந்தது. தாண்டினேன்.

விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே, அந்தச் சத்தம் கேட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்புவதற்குள் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் சுரீரென்றது. மிஷினில் இருந்து தெறிக்கிற சூடான இரும்புச் சுருள் பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் சுருள் பட்ட எரிச்சல் குறையும். இது ஏறிக்கொண்டே போனது.

குனிந்து பார்த்தேன். தடித்த, மண் நிறப் பாம்பு. முதுகு முழுக்கச் சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டமாகத் திட்டுகள். அவசரமே இல்லாமல் சருகுக்குள் போனது. கையில் போன் அடித்தது.

"யோவ், எங்க கீற? காத்து சத்தம் கேக்குது" என்றாள் செல்வி.

"செல்வி, பாம்பு கடிச்சிச்சு."

பிறகு வந்த குரல் நான் வீட்டில் கேட்டறியாத குரல்.

"எங்க கடிச்சிச்சு?"

"கணுக்கால்ல."

"மொதல்ல அந்த எடத்த உட்டு நாலடி தள்ளி வா. பாத்து வா. உக்காரு. இன்னா பாம்பு?"

"முதுகுல சங்கிலி மாதிரி வட்டமா..."

"சரி. கேளு. ஓடாத. நடக்கவே கூடாது, தூக்கினுதான் போவணும். கட்டு போடாத. பிளேடு வெக்காத. வாய வெச்சு உறிய உடாத. கால்ல கருப்புக் கயிறு கட்டினு இருந்தியே, அத அறு. வீங்குனா அது கால வெட்டிடும். டேவிட்டக் கத்திக் கூப்டு."

கத்தினேன். கயிற்றைப் பல்லால் கடிக்க முடியாதே என்று அந்த நேரத்தில் ஒரு முட்டாள்தனமான எண்ணம் வந்தது. நகத்தால் முடிச்சைப் பிரித்தேன்.

"செல்வி, பாப்பா..." என்றேன்.

"பாப்பாக்கு ஒண்ணும் இல்ல. நீ இப்ப..."

அத்தோடு சிக்னல் போய்விட்டது. அப்புறம் அவள் குரலைக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது.

டேவிட்டும் மற்ற மூன்று பேரும் ஏறி வந்தார்கள். பாம்பைத் தேடி அடிக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றான் ஒருவன். வேண்டாம் என்று டேவிட் தடுத்துவிட்டான். பிறகு டாக்டரும் அதையே சொன்னார். நம் ஊரில் ஆளைக் கொல்கிற பாம்புகளில் முக்கியமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். என்னைக் கடித்தது கண்ணாடி விரியன். நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பைத் தேடிப் போனால் நேரம்தான் வீணாகும், இன்னொருவரும் கடி வாங்கலாம்.

இரண்டு கோலை வைத்து என் காலை ஆடாமல் துணியால் தளரச் சுற்றினார்கள். பிறகு இருவர் இருவராக மாறி மாறிக் கையைக் கோத்து நாற்காலி மாதிரி தூக்கி வந்தார்கள். எழுபத்தைந்து கிலோ ஆள் நான். வழுக்குப் பாறையில் ஒருவன் முட்டி உடைத்துக்கொண்டான், ஆனால் என்னைக் கீழே விடவில்லை. சாலைக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் கால் முழங்கால் வரை வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. அடிவாரத்தில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஒருவர், பக்கத்து ஊரில் பச்சிலை கொடுப்பார்கள், அரை மணியில் இறங்கிவிடும் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். டேவிட் கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்தான். வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே ஓட்டினான். பாதி வழியில் வாயில் உப்புக் கரித்தது. துப்பினேன். சிவப்பாக இருந்தது. பல் ஈறிலிருந்து ரத்தம்.

முதலில் போனது வழியிலிருந்த அரசு மருத்துவமனை. அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் என் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, மேசையில் ஆடாமல் நிறுத்தி வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். நல்ல ரத்தம் அதற்குள் தயிர் மாதிரி உறைந்திருக்கும். கண்ணாடி விரியன் விஷம் ஏறிய ரத்தம் உறையாது. செவிலியர் குழாயைச் சாய்த்தார். என் ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. டேவிட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுத்து, அதன் உடம்பில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தியிலிருந்து எடுக்கிற மருந்து அது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கும் பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடித்து, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கியது, மூச்சு அடைத்தது. மருந்தை நிறுத்தி, வேறு ஊசி போட்டு, அடங்கியதும் மறுபடி மெதுவாக ஏற்றினார்கள். பிறகு ஆம்புலன்ஸில் சென்னையிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே வாசலில் அக்கா நின்றிருந்தாள். நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை; அவளே டேவிட்டுக்கு அடித்து எந்த மருத்துவமனை என்று கேட்டிருந்தாள். பாம்பு கடித்ததை அவளுக்குச் செல்வி சொல்லியிருக்கிறாள். என்னோடு பேசியது அறுந்ததும் அக்காவுக்கு அடித்து, டேவிட் நம்பர் கொடுத்து, பாப்பாவிடம் எதுவும் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணி வரை எனக்கும் டேவிட்டுக்கும் மாற்றி மாற்றி அடித்திருக்கிறாள். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பிவிட்டது. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமலே ஏறிக் காட்டுக்குள் போயிருக்கிறாள்.

என் காலை விடவும் அதுதான் எனக்கு வலித்தது. யாரைப் பார்த்தாலும் "செல்விக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன். மறுநாள் அக்கா வீட்டுக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஆவடியில் இருக்கும் படை வளாகத்தின் வாசலில் போய் நின்றார். அவருக்கு இந்தி தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்ட ஒரு சீட்டு மட்டும் கையில் இருந்தது. 'உயிரோடு இருக்கிறார், சிகிச்சையில் இருக்கிறார்' என்று அதில் எழுதியிருந்தது. காவலுக்கு நின்றவர் படித்துவிட்டு உள்ளே போனாராம். ஒரு மணி நேரம் கழித்து வந்து, செய்தி போய்விட்டது என்று கையைத் தோளில் வைத்துச் சொன்னாராம். அது முகாமுக்கு வயர்லெஸ்ஸில் போய்ச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை அக்கா போனில் செல்வி வந்தாள். யாரோ அதிகாரியின் சேட்டிலைட் போன். ஒரு நிமிடம்தான்.

"பேசாத. மூச்சு மட்டும் உடு, நான் கேக்கறேன்" என்றாள்.

மூச்சு விட்டேன். அவளும் விட்டாள். அவ்வளவுதான் அன்றைக்குப் பேசியது.

இதற்குள் என் ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் அந்தக் குழாயைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது தரம் சாய்த்தபோது ரத்தம் ஓடவில்லை. நாங்கள் எல்லோரும் கண்டம் தாண்டியதாக நினைத்தோம். எங்கள் வார்டு டாக்டர் ஒரு இளம் பெண். அவர் கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்த விஷம் ரத்தத்தோட நிக்காது. கிட்னியையும் அடிக்கும். நேத்து முழுக்க உங்களுக்கு ஒரு டம்ளர் அளவுகூட யூரின் வரல."

கிரியாட்டினின் என்று ஒரு சொல் அன்று முதல் எங்கள் குடும்பச் சொல்லானது. உடம்பில் சேர்கிற கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்கு ஆறைத் தாண்டிவிட்டது. டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். கழுத்து நரம்பில் ஒரு குழாயைப் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே அனுப்புவது. ஒரு தரத்துக்கு நான்கு மணி நேரம்.

"எவ்ளோ நாள் பண்ணணும்மா?" என்று அக்கா கேட்டாள்.

"கிட்னி முழிச்சுக்கற வரைக்கும். பெரும்பாலும் முழிச்சுக்கும். சிலருக்கு ரொம்ப நாள் ஆகும்." டாக்டர் பொய் சொல்லாதவர். சிலருக்கு முழிக்காமலே போகும் என்பதை அவர் சொல்லாமலே நான் கேட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த பெரிய அவஸ்தை தாகம். குடித்தது வெளியே வராது என்பதால் நாளைக்கு இவ்வளவு என்று தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். வார்டுக்கு வந்த அத்தனை பேரும் இளநீரோடு வந்தார்கள். டேவிட்டின் அம்மா நாலு இளநீர். பட்டறை முதலாளி ஆறு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் படுத்தவன் குடித்தால் இதயமே நின்றுபோகலாம். கட்டிலுக்கடியில் பச்சையாக அடுக்கி வைத்திருந்த இளநீர்களுக்கு மேலே நாக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். அக்கா பஞ்சை நனைத்து என் உதட்டைத் துடைப்பாள். எதிர்க் கட்டில்காரர் தண்ணீர் குடிக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தாகத்துக்கு அடுத்தது வாசல். என் கட்டிலிலிருந்து வார்டு வாசல் நேராகத் தெரியும். செல்விக்கு விடுப்பு கிடைத்துவிட்டது என்று வியாழக்கிழமை செய்தி வந்தது. ஆனால் முகாமிலிருந்து வண்டி வெளியே வர வேண்டுமென்றால் பாதை முழுக்கக் கண்ணிவெடி இருக்கிறதா என்று சோதனை பண்ணி முடிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள். அப்புறம் ஜீப், பஸ், ரயில். நான் கணக்குப் போட்டேன், கணக்கை மாற்றினேன். பூட்ஸ் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவேன். அது செக்யூரிட்டியாக இருக்கும். குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் இனியா கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அக்கா போனில் பேசுவாள். "அம்மா வந்தா நான் ஸ்கூலுக்கு லீவு போடலாமா?" என்று கேட்டாள். போடு என்றேன்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை. மூன்றாவது டயாலிசிஸ். அந்த அறைக்குள் உறவினர்களை விட மாட்டார்கள். இயந்திரம் ஓட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வயதான ஒரு சிஸ்டர் கதவைத் திறந்து உள்ளே வந்து என் காதருகே குனிந்தார்.

"தம்பி, எழுந்துக்கக் கூடாது. அசையக் கூடாது. சரியா? உங்க ஊட்டுக்காரம்மா வந்துகீறாங்க. வெளில உக்காந்துகீறாங்க."

பதினாலு மாதம் ஆகியிருந்தது அவளைப் பார்த்து. நடுவில் ஒரு கதவு. என் ரத்தம் முழுக்க வெளியே ஒரு குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. வாழ்க்கையில் நான் எத்தனையோ காத்திருந்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரம் மாதிரி எதுவும் இல்லை. அழுதேன். அழுதால் கழுத்துக் குழாய் அசையும் என்று சிஸ்டர் அதட்டினார். அப்புறம் அவரே கண்ணைத் துடைத்துவிட்டு, வெளியே போய் என்ன பார்த்தார் என்று வந்து சொன்னார். "பெரிய பை ஒண்ணு வெச்சுகினு, கதவையே பாத்துகினு கீறாங்க. டீ வாங்கித் தரேன்னேன், வாணாம்னுட்டாங்க."

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எழுந்து நின்றாள். கருத்திருந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது. தரையில் மண்டியிட்டு, போர்வையை விலக்கி, காலைப் பார்த்தாள். கடித்த இடத்தைச் சுற்றிச் சதை கருத்து அழுகியதை வெட்டி எடுத்திருந்தார்கள். கட்டின் விளிம்பில் விரலை வைத்தாள்.

"செருப்பு போட்டுகினு போனியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"தாண்டினியா?"

ஆமாம் என்றேன்.

அப்படியே என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் ஆட்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள்.

அன்று முதல் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளே இருந்தாள். என் சிறுநீரை அளந்து நோட்டில் எழுதினாள். ஐந்தாவது டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அரை லிட்டர் தாண்டியது. அளவு ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு நடுவில் நின்று சிரித்தாள். எதிர்க் கட்டில்காரர் கை தட்டினார். பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு மருத்துவமனை, பில் என்று எதுவும் இல்லை. இளநீரை எல்லாம் செல்வி வார்டில் குடிக்கக் கூடியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் பத்து நாள் இருந்தாள். காலையும் மாலையும் என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு முனை வரை நடத்திக்கொண்டு போவாள். ஒரு நாள் பாதி வழியில் நின்றாள்.

"நான் போன் பண்றவளா இல்லாம இருந்தா நீ அந்தப் பாற மேல ஏறியே இருக்க மாட்ட."

"நீ போன் பண்ணலன்னா நான் ஓடியே எறங்கியிருப்பேன். வழியிலயே போயிருப்பேன்" என்றேன்.

அவள் அதை யோசித்தபடி நடந்தாள். வேலையை விட்டுவிடேன் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வேலைக்கு அவள் எவ்வளவு பாடுபட்டுத் தேறியவள் என்று எனக்குத் தெரியும். இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக அவளே சொன்னாள். ஒரு வருடத்தில் வரலாம். வராமலும் போகலாம்.

சென்ட்ரல் வரை வருகிறேன் என்றேன். கால் வீங்கும், ஆவடி ஸ்டேஷனோடு நில் என்றாள். மின்சார ரயில் வந்தது. ஏறி வாசலருகே நின்றுகொண்டு இனியாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் காலைப் பார்த்தாள். ரயில் போய்விட்டது.

மலைக்கு மறுபடி போவாயா என்று கேட்கிறார்கள். போவேன். கால் தேறியதும் முதல் சனிக்கிழமையே போக வேண்டும் போல் இருக்கிறது. திரும்பிப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காட்டைப் பற்றிச் சொல்கிறாள். பதிலுக்குச் சொல்ல என்னிடம் மிஷினும் தெருவும்தான் இருக்கிறது. பாம்பின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது தன் வீட்டில் படுத்திருந்தது. நீங்கள் போனால் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். குளித்துவிட்டு வந்தாலும் இரண்டு நிமிடம் செலவழித்துக் கயிற்றைக் கட்டுங்கள். நடக்கும்போது நடங்கள், போன் பேச வேண்டுமானால் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் ஆளை நடக்க விடாதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை கடைசிப் பரிசோதனை. டாக்டர் தாளைப் பார்த்து, மறுபடி பார்த்து, மேசை மேல் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அண்ணா, ஒண்ணுக்கும் கீழ வந்துருச்சு. கிட்னி பழையபடி ஆயிடுச்சு. இனிமே நீங்க இங்க வர வேண்டாம்."

வெளியே வந்து போனை எடுத்தேன். அவள் பெயரைத் தொட்டும் விட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொன்னது. செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கு இன்னும் ஐந்து நாள். இந்தச் சேதியை நான் சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் அப்போது எந்த மரத்தடியில் நடந்துகொண்டிருந்தாளோ. அவளிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். முதலில் ஒன்றும் சொல்லாமல் பேச வேண்டும். அவளாகக் கேட்க வேண்டும். பிறகு மெதுவாக அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அப்போது அவள் மூச்சு எப்படி மாறும் என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

ஆவடியில் இறங்கி நேராக இனியாவின் பள்ளி வாசலுக்குப் போனேன். பையை என் கையில் கொடுத்துக்கொண்டே முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டர் இன்னா சொன்னாங்கப்பா?"

"சரியாப் போச்சாம்மா. முழுசா."

நடுத்தெருவில் ஒரு குதி குதித்தாள். பிறகு சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள்.

"அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ சொல்லக்கூடாது. பிராமிஸ் பண்ணு."

ரயிலில் அத்தனை வார்த்தை கோத்து வைத்திருந்தேன். அவளும் அம்மாவுக்காக ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறவள்தான்.

"சரி, நீயே சொல்லு" என்றேன்.